கூரை உங்களுடையது, பலகை யாருடையது?

பினாங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 51. ஜார்ஜ்டவுனில் தாத்தா வாங்கிய பழைய கடைவீட்டில் மளிகைக் கடை நடத்துகிறார். கிராண்டில் (நிலப் பட்டாவில்) அவர் பெயரும் ஜோகூர் பாருவில் இருக்கும் அண்ணன் பெயரும் இருக்கின்றன. 1999இல் அப்பா, கூரைமேல் விளம்பரப் பலகை நிறுத்த ஒரு நிறுவனத்துக்கு இடம் விட்டார். ஒரு பக்கக் கடிதமும் வாய்ப்பேச்சும்தான் அன்றைய ஒப்பந்தம்.

அப்பா இறந்த பிறகும் வாடகை தவறாமல் வந்தது. இப்போது மாதம் 1,600 ரிங்கிட். மகனின் பல்கலைக்கழகச் செலவு பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. இந்த ஜனவரியில் நிறுவனத்து ஆள் வந்து, இரண்டு வருடத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டு, இந்த வருட வாடகை 19,200 ரிங்கிட்டையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஏப்ரல் 12ஆம் தேதி, புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஊராட்சி மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. விதிக்கு ஒத்துவராத பலகைகளை மூன்று கட்டமாக இறக்குகிறார்களாம். முதலில் லைசென்ஸே இல்லாதவையும் சாய்ந்து நிற்பவையும். அடுத்து, மரபுடைமைப் பகுதியிலும் அதை ஒட்டியும் கூரைமேல் நிற்பவை. கடைசியாக அளவு மீறியவை, அவற்றின் லைசென்ஸ் காலம் முடிந்ததும். இவருடையது இரண்டாவது கட்டம். செப்டம்பர் 30க்குள் இறக்க வேண்டும்.

முகப்பிடத்தில் போய் விசாரித்தபோது, அந்தப் பலகையின் லைசென்ஸ் போன வருடமே புதுப்பிக்கப்படவில்லை என்று சொன்னார்களாம். நிறுவனத்தைக் கூப்பிட்டால், "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அக்கா" என்கிறார்கள். இதற்கிடையில் யாரோ ஒருவர் வந்து, 8,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் 'செட்டில்' பண்ணித் தருகிறேன் என்றிருக்கிறார்.

சகோதரியின் கேள்விகள்: 25 வருடத்துக்கு மேல் நின்றது உரிமை ஆகிவிடாதா? அமெரிக்காவில் நஷ்டஈடு கொடுக்காமல் பலகையை எடுக்க முடியாது என்று மகன் படித்துச் சொன்னானே, இங்கே அது உண்டா? பெரிய சாலையில் இதைவிடப் பெரிய பலகைகள் நிற்கும்போது எனக்கு மட்டும் ஏன்? அப்புறம், முன்தூணில் தாத்தா காலத்தில் காரையில் எழுதிய தமிழ்ப் பெயர் இருக்கிறது, அதையும் இடித்துவிடுவார்களா?

சகோதரி, கடைசிக் கேள்வியைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஆனால் முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பலகையைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஊராட்சி மன்றத்திடம் நீங்கள் கேட்டு வாங்க முடிந்தது கால அவகாசம். பணமும் கூரையும் பற்றிய கணக்கு முழுவதும் நிறுவனத்தோடுதான் இருக்கிறது. உங்கள் கோபம் இப்போது தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

நின்ற வருடங்களுக்குக் கணக்கில்லை

1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் (சட்டம் 171) 107ஆவது பிரிவை ஒருமுறை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊராட்சி மன்றம் தரும் எந்த லைசென்ஸும் மூன்று வருடத்துக்கு மேல் செல்லாது. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, அதை ரத்து செய்யலாம். ரத்தால் வரும் நஷ்டத்துக்கு ஈடு கேட்க முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. படிக்கக் கடுமையாகத்தான் இருக்கும். முதல் தடவை படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அதாவது, உங்கள் கூரையில் நின்றது ஒரே அனுமதியோடு கால் நூற்றாண்டு நின்ற பலகை இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் புதிதாக அனுமதி வாங்கி, அந்தத் தவணைக்கு மட்டும் நின்ற பலகை. முன்பு புதுப்பித்தார்கள் என்பதால் இனியும் புதுப்பிக்க வேண்டும் என்ற கடமை வராது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த லைசென்ஸ் ஒருநாளும் உங்கள் பெயரில் இருந்ததில்லை, நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது. உங்களிடம் இருந்தது கூரையும், அதற்கு வந்த வாடகையும்.

நஷ்டஈடு பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது விதியை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். போதிய இழப்பீடு இல்லாமல் யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்கிறது அந்த விதி. நாளைக்குச் சாலை அகலப்படுத்த உங்கள் கடைவீட்டை எடுத்தால், நானே அதைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களுக்காக வாதாடுவேன். இங்கே நிலத்தையும் எடுக்கவில்லை, கட்டடத்தையும் எடுக்கவில்லை. காலாவதியான ஓர் அனுமதியைத் திரும்பத் தரவில்லை, அவ்வளவுதான்.

மகன் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில், 1965இல், அமெரிக்கா ஒரு நெடுஞ்சாலை அழகூட்டல் சட்டம் கொண்டுவந்தது. பெரிய நெடுஞ்சாலை ஓரங்களில் சட்டப்படி வைக்கப்பட்ட பலகையை அகற்றச் சொன்னால் இழப்பீடு தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கினார்கள். அகற்ற வேண்டிய பலகைகள் பல வருடக்கணக்கில் அப்படியே நின்றன. அந்தச் சாலைகளுக்கு வெளியே பல நகரங்கள் வேறு வழி பிடித்தன: போட்ட முதலை எடுக்க இத்தனை வருடம் தருகிறோம், அதற்குப் பிறகு நீயே இறக்கிவிடு, காசு கிடையாது. பிரேசிலின் சாவோ பாவ்லோ இன்னும் ஒரு படி மேலே போய், 2007 ஜனவரி முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே தடை செய்துவிட்டது. மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அமெரிக்கச் சட்டத்திலும் 'சட்டப்படி வைக்கப்பட்ட' என்ற வார்த்தை இருக்கிறது. லைசென்ஸ் போன பலகைக்கு அங்கேயும் யாரும் மாலை போட மாட்டார்கள்.

நோட்டீஸ் உங்கள் பெயருக்கு ஏன் வந்தது

"பலகை அவர்களுடையது, அவர்களுக்கு அனுப்பட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டம் உங்கள் கட்டடத்தில் ஊன்றியிருக்கிறதே. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) 'கட்டடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் தூண், சட்டகம், விளம்பரத் தட்டி எல்லாமே அடங்கும். எனவே அந்த இரும்பு எழும்பியதற்கே தனியாக எழுத்து அனுமதி இருந்திருக்க வேண்டும். அப்பாவின் பழைய கோப்பில் பொறியாளர் வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

விளம்பர விதிகளை மீறினால் உள்ளூராட்சிச் சட்டத்தின் கீழ் 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் வரை கூடும். இந்தத் தொகையை விட என்னைப் பயமுறுத்துவது இரும்பு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் தடுமாறி விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தது நம் ஊர்வரை பேசப்பட்டது. 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் புயல் காற்றில் சாய்ந்த பலகையின் அளவு 120க்கு 120 அடி. அனுமதிக்கப்பட்டது 40க்கு 40. கீழே பெட்ரோல் நிலையம். 17 பேர் இறந்தார்கள். உங்கள் பலகை அவ்வளவு பெரிதில்லை, சரி. ஆனால் 1999இல் போட்ட போல்ட்டு, கடல் காற்று அடிக்கிற ஊர், கீழே அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நாள் முழுவதும் ஆள் நடமாட்டம். ஏதாவது நடந்தால் வழக்கில் முதலில் வரும் பெயர் கட்டட உரிமையாளருடையதாக இருக்கலாம். உங்கள் தீக் காப்பீடு மூன்றாம் நபர் காயத்துக்குத் தானாகப் பணம் தராது. நிறுவனத்தின் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இந்த வாரமே நகல் கேளுங்கள்.

அவசரப்பட்டு ஊராட்சி மன்றத்தில் சத்தம் போடாதீர்கள்

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நோட்டீஸ் உங்களை இரண்டாவது கட்டத்தில் வைத்திருக்கிறது. ஆனால் முகப்பிடத்தில் சொன்னபடி லைசென்ஸே இல்லை என்றால், அவர்கள் கணக்குப்படியே நீங்கள் முதல் கட்டம். "25 வருடமாக லைசென்ஸோடு நிற்கிற பலகை" என்று கோபமாக ஒரு கடிதம் எழுதினால், யாராவது கோப்பைப் புரட்டி உங்களை முதல் வரிசைக்குத் தள்ளக்கூடும். கிடைத்த அவகாசத்தை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் பணிவாக, எழுத்தில், இரண்டே விஷயம் கேளுங்கள். எந்த விதியின் கீழ் நோட்டீஸ் வந்தது? இறக்கும் வேலைக்கும் கூரையைப் பழுதுபார்க்கவும் அனுமதி வாங்கும் முறை என்ன, மழைக்காலத்தை உத்தேசித்துச் சில வாரங்கள் கூடக் கிடைக்குமா? கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் போக வழியே இல்லையா என்றால், உண்டு. பொது அமைப்பின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதிச் சீராய்வுக்கு மனுச் செய்யலாம். அதற்கு முன்அனுமதி வேண்டும். முடிவு தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு அது ஜூலை இரண்டாம் வாரத்தோடு முடிகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை, தவறான கட்டடத்துக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள் என்பது போன்ற குறை இருந்தால் அந்த வழி பயன்படும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஐந்தரை மாதத்துக்கு மேல் அவகாசம் தந்திருக்கிறார்கள். மாதம் 1,600 ரிங்கிட் வாடகையைக் காக்க அதைப்போலப் பல மடங்கு செலவழிக்கச் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பெரிய சாலைப் பலகைகள் பற்றி: சாலையைப் பொறுத்து அதிகாரம் மாறும். கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறை, விரைவுச்சாலை என்றால் நெடுஞ்சாலை வாரியம், ஓரத்தில் அரசு நிலம் என்றால் நில அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். லிம் சோங் யூ விரைவுச்சாலையில் போகும்போதெல்லாம் எனக்கும் அந்தக் கேள்வி வரத்தான் செய்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் "அவனுடையதும் விதிமீறல்தான்" என்று சொன்னால், நீதிபதி அவனுடையதையும் இறக்கச் சொல்லலாமே தவிர, உங்களுடையதை நிறுத்தச் சொல்ல மாட்டார்.

8,000 வெள்ளிக்காரர் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குபவர் எந்த அளவு குற்றவாளியோ கொடுப்பவரும் அதே அளவு குற்றவாளி. 20 வருடம் வரை சிறை. அபராதம் லஞ்சத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ அதற்குக் குறையாமல். உங்கள் கணக்கில் அது 40,000. மறுபடி வந்தால் பேச்சை வளர்க்காமல் எஸ்பிஆர்எம் எனும் ஊழல் தடுப்பு ஆணையத்தில் புகார் கொடுங்கள்.

நிறுவனத்தோடு முடிக்க வேண்டிய கணக்கு

ஜனவரியில் நடந்ததைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். 25 வருடமாக மாதாமாதம் கொடுத்தவர்கள் திடீரென்று ஒரு வருட வாடகையை முன்கூட்டிக் கொடுக்கிறார்கள், புது ஒப்பந்தமும் போடுகிறார்கள். லைசென்ஸ் அதற்கு முன்பே போய்விட்டது என்றால், அது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. தங்கள் வாடிக்கையாளரிடம் காட்ட அவர்களுக்குக் கையில் ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டதோ என்னவோ. இது என் ஊகம், ஆதாரம் இல்லை. கடிதத்தில் இதை எழுதிவிடாதீர்கள்.

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி, செய்ய முடியாத அல்லது சட்டத்துக்குப் புறம்பான ஒன்றைச் செய்வதாகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. வாக்குக் கொடுத்தவருக்கு அது தெரிந்திருந்தால், அல்லது கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால், தெரியாமல் நம்பிய மற்றவரின் நஷ்டத்தை அவர் ஈடுசெய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இது உங்களுக்குச் சாதகம். 66ஆவது பிரிவு இருபக்கமும் வெட்டும்: ஒப்பந்தம் செல்லாது என்று ஆனால், அதனால் பெற்ற பலனைத் திருப்ப வேண்டும். அதனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாத வாடகை 4,800 ரிங்கிட்டைத் தொடாமல் தனியாக வையுங்கள். பயன்படுத்திய மாதங்களுக்கான வாடகையை அவர்கள் திருப்பிக் கேட்பது எளிதில்லை. இந்த மூன்று மாதப் பணத்தை நியாயமாகக் கேட்கலாம். நீங்கள் அதைக் கூரைச் செலவோடு கழித்துக்கொள்ளப் பேரம் பேசலாம்.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா? கட்டாவிட்டால், தாமதத் தண்டத்தோடு கட்டும்வரை நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது. அண்ணனும் கையெழுத்துப் போட்டாரா? கிராண்டில் இரண்டு பெயர் இருக்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும் போட்டிருந்தால், அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதம் இருவர் பெயரிலும் போகட்டும். வழக்கு என்று வந்தால் 1 லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றமே விசாரிக்கும். 5,000 வரை என்றால் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலே முடிக்கலாம். அந்த வேலை போனது வழக்கறிஞரான எனக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

இனி கூரை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பலகையை இறக்குவது ஒரு நாள் வேலை. அது விட்டுப்போகும் ஓட்டைகள் பத்து வருடத் தலைவலி. உங்களுடையது போன்ற பழைய கடைவீட்டில் மண் ஓடு, மரச் சட்டம், பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர், அதில் சுண்ணாம்புப் பூச்சு. இரும்புக் காலைப் பிடுங்கிய இடத்தில் அவசரத்துக்குச் சிமெண்டை அப்பிவிட்டுப் போவார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுத்தான் பிழைக்கிறது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். அடுத்த மழைக்குள் சுவரில் உப்புப் பூக்கும், அரிசி மூட்டை அடியில் ஈரம் தட்டும். எனவே நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள்: பதிவுபெற்ற பொறியாளர் மேற்பார்வை, அவர்கள் செலவில் கிரேன், உடைந்த ஓட்டுக்கு அதே வகை ஓடு, பூச்சுக்குச் சுண்ணாம்பு, வேலை முடிந்து ஒரு மழைக்காலம் வரை ஒழுகினால் அவர்கள் பொறுப்பு. இறக்குவதற்கு முன் கூரையின் உள்பக்கத்தையும் பொதுச்சுவரையும் தேதியோடு படம் எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூடவே நிறுத்திக்கொண்டு எடுங்கள்.

ஜூன் முடிவதற்குள் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால், வழக்கறிஞர் மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். ஆகஸ்ட்டில் அவர்கள் தொலைபேசியை எடுக்காமல் போனால், செப்டம்பரில் கிரேன் செலவு உங்கள் தலையில் விழும்.

தூணில் இருக்கும் தமிழ்

இரண்டும் வெவ்வேறு விஷயம். நோட்டீஸில் குறிப்பிட்டது கூரைப் பலகை மட்டும். தூணில் காரையால் செய்த எழுத்து, கட்டடத்தின் முகப்பிலேயே ஒரு பகுதி. 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமை நகரமாக அறிவித்தது. மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 150.04 ஹெக்டர். 2016 செப்டம்பரில் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இந்த எல்லைக்குள் கட்டட முகப்பையும் பலகைகளையும் எப்படிக் கையாள வேண்டும் என்று வகுத்திருக்கிறது. உங்கள் வீடு எந்தப் பகுதியில் விழுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பழைய கடைப் பெயர் எழுத்து இடைஞ்சல் இல்லை. பெரும்பாலும் அதைக் காக்கத்தான் சொல்வார்கள். கேட்காமல் கொத்தாதீர்கள், புது வண்ணமும் அடித்துவிடாதீர்கள்.

அஞ்சடிக்கு மேல் தொங்கும் இன்றைய கடைப் பலகைக்கு வேறு சட்டம். அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். தேசிய மொழி அதில் இருக்க வேண்டும், எடுப்பாகவும் இருக்க வேண்டும். அதோடு தமிழ் சேர்ந்து வரலாம். மலாய் வாசகத்தை டேவான் பஹாசா எனும் மலாய் மொழி அமைப்பில் சரிபார்த்து வாங்குவது வழக்கம். கூரைப் பலகையைப் பற்றிப் பேச ஊராட்சி மன்றத்துக்குப் போவதற்கு முன், உங்கள் சொந்தப் பலகையின் லைசென்ஸ் இந்த வருடத்துக்குக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கிரேன் வரும் நாளில் நீங்கள் கடையில் இருங்கள். வேலை தொடங்குவதற்கு முன் அந்தத் தூணைச் சுற்றிச் சாக்கு கட்டி, முன்னால் ஒரு தடித்த பலகையைச் சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள். மேலிருந்து இறங்கும் இரும்பு ஒருமுறை உரசினால் போதும், பழைய காரை பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.